களி கிண்ட இடமில்லாத சமையலறை: பாலக்கோடு பக்கம் ஒரு வீடு, புதுப்பித்த பிறகு

தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ராகிக் காட்டுக்கும் தக்காளித் தோட்டத்துக்கும் நடுவில் இருக்கும் கொட்டாய் வீடு இது. கருங்கல் சுவர், நாட்டு ஓடு, வாசலுக்கு இரண்டு பக்கமும் திண்ணை. பின்னால் தனியாகச் சமையல்கட்டு, அதையும் தாண்டிக் குளிக்கும் இடம். கழிப்பறை கிடையாது. வீட்டில் ஐந்து பேர்: எழுபதைத் தாண்டிய பாட்டி, மகன், மருமகள், ஓசூரில் ஷிஃப்ட் வேலைக்குப் போகும் பேரன், பிளஸ் டூ படிக்கும் பேத்தி.

தை மாதம் வேலையை ஆரம்பித்தார்கள். ஓட்டைப் பிரித்து, தூண் எழுப்பி, ஐந்து அங்குல கான்கிரீட் தளம் போட்டார்கள். பின்கட்டை இடித்து, கிரானைட் மேடையோடு உள்ளேயே சமையலறை, பாட்டிக்கு இணைப்புக் குளியலறையோடு ஓர் அறை, பேத்திக்கு ஓர் அறை, வெளிப் படிக்கட்டு வைத்து மாடியில் பேரனுக்கு ஓர் அறை. திண்ணை இருந்த இடத்தில் போர்டிகோ. பூச்சு சரியாகக் காய்வதற்கு முன்பே பெயிண்ட் அடித்து, வைகாசிக் கடைசி முகூர்த்தத்தில் பால் காய்ச்சினார்கள். ஆனி, ஆடியில் யாரும் புதுமனை புக மாட்டார்கள்; வைகாசியை விட்டால் ஆவணிதான். அந்த அவசரத்தின் விளைவுகள் பின்னால் வருகின்றன.

குடியேறிய முதல் மாதத்தில் மூன்று மாற்றங்கள் தெரிந்தன. அந்த வீட்டில் மதியக் களி நின்று, மூன்று வேளையும் சோறு, இட்லி என்று ஆனது. பாட்டி பொழுது சாய்ந்த பிறகு தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டார். மகன், மின்விசிறி சுற்றும் அறையை விட்டுப் போர்டிகோவில் பாய் போட்டுப் படுத்தார். கேட்டால் மூன்று பேரிடமும் ஒரே பதில்: “வீடு நல்லாத்தான் இருக்கு, பழகணும்.”

கடன் வாங்கிக் கட்டிய வீட்டில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஒருமுறை சொன்னதற்கு மகன் “இவ்வளவு செலவு பண்ணியும் உங்களுக்குக் குறைதானா” என்று கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை. வாயில் வராத குறை நடத்தையில் வரும். அதனால் புதுப்பித்த வீட்டில் “எப்படி இருக்கு?” என்று கேட்டுப் பிரயோஜனமில்லை. முன்பு தினமும் செய்து இப்போது செய்யாமல் விட்டது எது, யார் எந்த அறைக்குள் போவதில்லை, எந்த நேரத்தில் எங்கே உட்காருகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்க்கும்போது குறைகள் இரண்டு வகையாகப் பிரியும். பெயிண்ட் வாசனை, அறையின் எதிரொலி, டப்பாக்கள் இடம் மாறியது, தனி அறையில் தூக்கம் வராதது எல்லாம் நாளாக நாளாகச் சரியாகும். மேடை உயரம், வழுக்கும் தரை, தளத்துச் சூடு, குழாயில் வரும் தண்ணீர் ஆகியவை எத்தனை வருடமானாலும் பழகாது. மனிதர்கள்தான் அவற்றைச் சுற்றி வளைந்து போகப் பழகுவார்கள். இந்த வீட்டில் நடந்த தகராறு முழுக்க, இரண்டாவது வகையை முதல் வகை என்று நினைத்ததால் வந்தது.

களியும் 34 அங்குல மேடையும்

மேடையை 34 அங்குல உயரத்தில் போட்டிருந்தார்கள். கடைகளில் விற்கும் மாடுலர் பெட்டிகள் அந்த உயரத்துக்குப் பொருந்தும், பார்க்கவும் எடுப்பாக இருக்கும். மருமகள் ஐந்தடி உயரம். ஐந்தடி ஆளுக்கு நின்ற நிலையில் முழங்கை தரையிலிருந்து ஏறக்குறைய 38 அங்குலத்தில் இருக்கும். மேடை 34, கேஸ் அடுப்பு 5, களிச் சட்டி 9. கூட்டினால் சட்டியின் வாய் 48 அங்குலத்தில், முழங்கைக்கும் பத்து அங்குலம் மேலே நிற்கிறது. அதற்கு மேல் துடுப்பின் பிடி.

குழம்பு கிளறுவதற்கு இது தொல்லை, அவ்வளவுதான். களிக்கு இது ஆகவே ஆகாது. களி மணிக்கட்டால் கிண்டுவது இல்லை. உடம்புப் பாரத்தைத் துடுப்பின் மேல் இறக்கி, சட்டியின் ஓரத்தோடு அமுக்கி அமுக்கிக் கிண்ட வேண்டும். பழைய சமையல்கட்டில் தரையோடு ஒட்டிய விறகடுப்பு. கொதிக்கும் தண்ணீரில் மாவைக் கொட்டி, வெந்ததும் சட்டியை இறக்கிப் பிரிமணையில் வைத்து, இரண்டு காலாலும் அணைத்துக்கொண்டு கிண்டுவார்கள். கை மேலே, சட்டி கீழே. பாரம் நேராக இறங்கும். புது மேடையில் தோள்பட்டை மட்டும்தான் வேலை செய்கிறது. ஐந்து பேருக்குக் கிண்டி முடிப்பதற்குள் கை ஓய்ந்து, மாவு கட்டி தட்டிவிடுகிறது. ஒருநாள் சட்டி அடுப்பிலிருந்து நகர்ந்து சாயப்போனது. அதோடு களி நின்றது.

சட்டியைக் கீழே இறக்கி, பழையபடி காலால் அணைத்துக் கிண்டிப் பார்த்தார்கள். பளபளப்பான விட்ரிஃபைடு டைல்ஸில் பிரிமணையோடு சேர்ந்து சட்டி சுற்றியது. மேடைக்கும் எதிர்ச்சுவர் அலமாரிக்கும் நடுவில் மூன்றடி இடைவெளிதான். உட்கார்ந்தால் முதுகு அலமாரிக் கதவில் இடிக்கிறது, அடுத்த ஆள் உள்ளே வர முடியாது.

பன்னிரண்டு அங்குல உயரத்தில் குட்டி மேடை கட்டி, அதில் ஒற்றை பர்னர் கேஸ் அடுப்பு வைக்கலாம் என்றார் மேஸ்திரி. பலர் சொல்லும் யோசனைதான், ஆனால் தவறானது. கேஸ் அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படரும். தரைமட்டத்தில் நெருப்பு இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கடைசியில் நெருப்பையும் கிண்டுவதையும் பிரித்தார்கள். பின் தாழ்வாரத்தில், மேலே புகை போக இடம் விட்டு, பத்து அங்குல உயரத்தில் ஒரு விறகடுப்பு. அதை ஒட்டிக் கைக்கெட்டும் தூரத்தில் 12 அங்குல உயரத்தில் இரண்டடிக்கு இரண்டடி சிமெண்ட் மேடை. அதில் நெருப்பு கிடையாது. மேடையின் நடுவில், வெல்டிங் பட்டறையில் ஒரு அங்குலப் பட்டைக் கம்பியை வளைத்துச் செய்த வளையம். அதற்கு மூன்று கால், ஒவ்வொரு காலும் மூன்று அங்குலம் கான்கிரீட்டுக்குள் இறங்கியிருக்கிறது. வளையத்தின் உள்விட்டம் சட்டியின் வயிற்றைவிட ஓர் அங்குலம் குறைவு. சட்டி பாதி உட்கார்ந்து பிடித்துக்கொள்கிறது, சுற்றுவதில்லை. வளையத்தில் பருத்திக் கயிறு சுற்றியிருப்பதால் அலுமினியம் நசுங்குவதும் இல்லை. மருமகள் நின்றபடியே குனியாமல் கிண்டுகிறார். சட்டியின் வாய் தொடையளவில் இருப்பதால் உடம்புப் பாரம் இறங்குகிறது.

இதில் கவனிக்க வேண்டியது இறக்கும் தூரம். ஒரு கிலோ மாவுக் களி, தண்ணீரும் சட்டியும் சேர்ந்து ஐந்து கிலோவுக்குக் குறையாது, அதுவும் கொதிநிலையில். அடுப்பும் கிண்டும் மேடையும் ஒரே எட்டில் இருக்க வேண்டும். சமையலறைக்குள் வேகவைத்துத் தாழ்வாரத்துக்குத் தூக்கிக்கொண்டு போவதென்றால், வாசற்படியில் கால் தடுக்கும் நாள் ஒன்று வரும்.

உள்மேடையை உடைக்கவில்லை. மருமகள் நிற்கும் இடத்தில் இரண்டு அங்குல மரப்பலகை போடலாம் என்று யோசித்து, அவசரத்தில் தடுக்கும் என்று கைவிட்டார்கள். சரியான முடிவு. இனிக் கட்டுபவர்கள் சமையல் செய்யும் ஆளை நிற்கவைத்து முழங்கையை அளந்து, நறுக்கும் மேடையை அதிலிருந்து நான்கு அங்குலமும் அடுப்பு மேடையை எட்டு அங்குலமும் குறைத்துப் போட்டால் போதும். ஐந்தடி ஆளுக்கு அது 34, 30.

பாட்டி ஏன் தண்ணீர் குடிக்கவில்லை

அறைக்குள்ளேயே கழிப்பறை வந்தது பாட்டிக்காகத்தான். ஆனால் அவர் விடியற்காலையில் காட்டுப் பக்கம் போவதை நிறுத்தவில்லை. இரவில் போக வேண்டி வருமே என்று சாயங்காலத்தோடு தண்ணீரை நிறுத்திக்கொண்டார். கோடையில் இது நீர்க்கடுப்பில் கொண்டுபோய் விடும். வயதானவர்களுக்குத் தலைசுற்றலும் வரும். “வீட்டுக்குள்ள போறது கூச்சமா இருக்கு” என்றுதான் குடும்பம் எடுத்துக்கொண்டது. கூச்சம் கொஞ்சம் உண்டுதான். பெரிய காரணம் அளவில் இருந்தது.

பாட்டியின் உயரம் நான்கடி எட்டு அங்குலம். உட்கார்ந்தால் முழங்காலின் மடிப்பிலிருந்து பாதம் வரை ஏறக்குறைய பதினான்கு அங்குலம். போட்டிருந்த வெஸ்டர்ன் டாய்லெட் பதினாறு அங்குலம், இருக்கையோடு பதினேழு. உட்கார்ந்தால் அவருக்குக் கால் தரையில் படவில்லை. பிடித்துக்கொள்ளவும் ஒன்றுமில்லை. கால் தொங்கும் நிலையில், விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் உடம்பு இளகாது. அதோடு வாசலில் மூன்று அங்குலப் பள்ளம், உள்ளே திறக்கும் கதவு, ஈரத்தில் வழுக்கும் டைல்ஸ்.

செய்தவை இவை. டாய்லெட்டின் முன்னும் இரு பக்கமும் மூன்று அங்குல உயரத்தில், மேலே ரப்பர் ஒட்டிய பலகை, ஆடாதபடி தரையோடு பிணைத்து. மற்றவர்களுக்கு இது சற்று இடைஞ்சல். ஆனால் அந்தக் கழிப்பறை பாட்டியுடையது. பக்கச் சுவரில் தரையிலிருந்து 28 அங்குலத்தில் ஒன்றேகால் அங்குல ஸ்டீல் பைப்பில் கைப்பிடி. வழக்கமாகத் தவறு நடப்பது இங்கேதான்: துண்டு மாட்டும் கம்பியைப் போலப் பிளாஸ்டிக் பிளக்கும் சின்ன ஸ்க்ரூவும் போட்டு மாட்டிவிடுவார்கள். டைல்ஸ் மட்டும் தாங்கும். ஆள் பாரம் விழுந்தால் டைல்ஸோடு பிடுங்கிக்கொண்டு வரும். பத்து மில்லிமீட்டர் ஆங்கர் போல்ட் செங்கல் வரை இறங்க வேண்டும். மாட்டிய பின் ஒரு பெரிய ஆள் தன் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்துவிட வேண்டும்.

கதவைக் கழற்றி வெளியே திறக்கும்படி மாற்றினார்கள். உள்ளே யாராவது மயங்கி விழுந்தால், உள்ளே திறக்கும் கதவை விழுந்தவர் உடம்பே அடைத்துக்கொள்ளும். தாழ்ப்பாள், வெளியிலிருந்து காசு வைத்துத் திருகித் திறக்கும் வகை. பள்ளத்தின் விளிம்பில் இரண்டு அங்குல மஞ்சள் பட்டை. டைல்ஸை மாற்றப் பணமில்லை. ஆசிட் கலந்த வழுக்கல் தடுப்புப் பூச்சு ஒன்று சந்தையில் உண்டு, அதைப் போட்டார்கள். அது எத்தனை நாள் தாங்கும் என்பது, தினமும் என்ன ஊற்றிக் கழுவுகிறோம் என்பதைப் பொறுத்தது.

இன்னொன்று இருட்டு. பழைய வீட்டில் பாட்டி எழுந்தால் இடப்பக்கம் திரும்பிப் பின்வாசல் வழியாகப் போவார். ஐம்பது வருடப் பழக்கம். தூக்கத்தில் கால் தானாகப் போகும். புது அறையில் கழிப்பறை வலப்பக்கம். முதல் வாரத்தில் இரண்டு முறை பீரோவில் மோதிக்கொண்டார். கட்டிலின் தலைமாட்டைத் திருப்பிப் போட்டார்கள். இறங்கினால் கழிப்பறை இடப்பக்கம் வந்துவிடுகிறது. ஆள் நடமாட்டத்தில் எரியும் சின்ன எல்இடி விளக்கு கட்டிலுக்கு அடியில் ஒன்று, கழிப்பறை வாசலில் ஒன்று. செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. மொத்தத்தில் அதிகப் பலன் தந்தது இதுதான்.

ஸ்விட்ச் போர்டையும் சொல்ல வேண்டும். ஒரே மாதிரி எட்டு வெள்ளை ஸ்விட்ச், நாலரை அடி உயரத்தில். பாட்டி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். பேத்தி, கழிப்பறை ஸ்விட்சில் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வைத்தாள். முடிந்தது.

ஒகேனக்கல் தண்ணீர் எங்கே போனது

இதை யாரும் குறையாகச் சொல்லவே இல்லை. எல்லாருக்கும் வசதிதான். அதனால்தான் ஆபத்து.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த விஷயம். பல்லில் பழுப்புக் கறை, நாளடைவில் மூட்டு இறுக்கம், எலும்புத் தொல்லை. அதற்காகவே ஜப்பானிய நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-இல் திறக்கப்பட்டது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 1.5 வரை.

பழைய வீட்டில் வாசல் குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வரும் நேரத்தில் குடங்களில் பிடித்து, குடிக்கவும் சமைக்கவும் அதை மட்டும் எடுப்பார்கள். குளிக்க, துவைக்க போர் தண்ணீர். இரண்டும் ஒருநாளும் கலந்ததில்லை. புதுப்பித்தபோது பிளம்பர் ஒரு 5,000 லிட்டர் சம்ப் கட்டி, வாசல் குழாயையும் போர் மோட்டாரையும் அதிலேயே விட்டு, மேல்தொட்டி ஒன்றிலிருந்து எல்லாக் குழாய்க்கும் இணைத்தார். “இனிமே குடம் தூக்க வேண்டாம்.” சமையலறைக் குழாயைத் திருகினால் தண்ணீர். அதில் பெரும்பங்கு போர் தண்ணீர். பல வருடமாகக் காத்துவந்த ஒரு நல்ல பழக்கம் ஒரே நாளில் போனது.

கொதிக்கவைத்தால் சரியாகும் என்று மருமகள் நினைத்தார். கொதிக்கவைத்தால் தண்ணீர்தான் ஆவியாகும். ஃப்ளோரைடு அப்படியே தங்கி இன்னும் செறிவாகும். சமைக்கும் தண்ணீரும் கணக்கில் வரும்: களி மாவும் அரிசியும் தம் எடையைவிட அதிகமாகத் தண்ணீரை இழுத்துக்கொள்கின்றன. ஆர்ஓ கருவி ஃப்ளோரைடைக் குறைக்கும். ஆனால் கடைக்காரர் கையில் வைத்துக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் கரைந்த உப்புகளின் மொத்த அளவைத்தான் காட்டும், ஃப்ளோரைடைத் தனியாக அளக்காது. அதற்குத் தனிப் பரிசோதனை வேண்டும்.

சம்ப்புக்குப் போகும் வாசல் குழாயைத் துண்டித்து, வீட்டின் பக்கவாட்டில் நாலடி உயர மேடையில் 300 லிட்டர் தொட்டி வைத்தார்கள். அந்தக் குழாயின் அழுத்தம் அவ்வளவு உயரம் வரைதான் ஏறுகிறது. மொட்டை மாடிக்கு ஏறாது. ஏறவில்லை என்று பொதுக் குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுவது சட்டப்படி குற்றம், அடுத்த வீட்டுக்கும் தண்ணீர் போகாது. தொட்டிக்குப் பந்து வால்வு. அங்கிருந்து முக்கால் அங்குலத் தனிக் குழாய் சமையலறைக்கு வந்து, நீலக் கைப்பிடி போட்ட தனிக் குழாயில் முடிகிறது. அதை மேடையிலிருந்து எட்டு அங்குலத்துக்கு மேல் உயர்த்த முடியவில்லை. உயர்த்தினால் தொட்டி பாதியானதும் வரத்து நூலாகிவிடும். இரண்டு குழாய் வரிசையையும் எந்த இடத்திலும் வால்வு வைத்துக்கூட இணைக்கவில்லை. “அவசரத்துக்கு ஒரு வால்வு” என்று பிளம்பர் கேட்பார், விடக் கூடாது. ஒருநாள் அதை யாராவது திறந்து வைத்துவிடுவார்கள், யாருக்கும் தெரியாது.

சூடும் போர்டிகோவும்

நாட்டு ஓட்டின் இடுக்கு வழியே சூட்டுக் காற்று மேலேறிப் போய்விடும். கான்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய வெயிலை இரவு பதினொன்று, பன்னிரண்டு வரை கீழே விட்டுக்கொண்டிருக்கும். மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளும். வைகாசியில் குடிபோனதால் மிக மோசமான நேரத்தில் மாட்டிக்கொண்டார்கள். இதோடு இன்னொரு கணக்கும் தப்பியது. நாலடிக்கு நாலடி ஸ்லைடிங் ஜன்னலில் எந்நேரமும் ஒரு பாதிதான் திறக்கும். 16 சதுர அடி ஜன்னல் என்று பேர், காற்று வருவது 8 சதுர அடியில். தளத்தை ஒட்டிய வென்டிலேட்டர், “பழைய மாதிரி இருக்கும்” என்று வைக்காமலே விடப்பட்டிருந்தது.

தளத்துக்கு மேல் வெள்ளைக் கூலிங் பூச்சு இரண்டு கோட் அடித்தார்கள்: முதலில் விரிசலை அடைத்து, கழுவிக் காயவிட்டு, முதல் கோட்டுக்குக் குறுக்காக இரண்டாவது. சுண்ணாம்பும் இதே வேலையைச் செய்யும். ஒரு மழைக்காலத்தில் கரைந்துபோகும், வருடா வருடம் அடிக்க வேண்டும். ஹாலில் எதிரெதிர் சுவர்களில் தளத்திலிருந்து ஆறு அங்குலம் கீழே ஒன்றரை அடிக்கு ஓரடி வென்டிலேட்டர் இரண்டு உடைத்துத் திறந்தார்கள். பூசி, பெயிண்ட் அடித்த சுவரை உடைப்பதற்கு மகனைச் சம்மதிக்கவைப்பதுதான் இந்த வீட்டிலேயே கஷ்டமான வேலை. இப்போது அவர் உள்ளே படுக்கிறார்.

பூச்சு காயாமல் பெயிண்ட் அடித்ததில் பாட்டி அறைச் சுவரில் கொப்புளம் வந்தது. பாட்டி ஈரத் துணியைச் சாய்த்ததால் என்று ஒரு சண்டை நடந்தது. காரணம் அதுவல்ல. ஒரு வாரம் தண்ணீர் ஊற்றிய பூச்சு, உள்ளே காய இன்னும் மூன்று நான்கு வாரம் கேட்கும். சுரண்டி, ஆவணி வெயிலில் ஒரு மாதம் விட்டு, மறுபடி அடித்தார்கள்.

ஆணி அடிக்கும் சண்டையும் அப்படித்தான். சட்டை, பை, நாட்காட்டி, பூசணி விதை முடிச்சு எல்லாம் பழைய சுவரில் எங்கு வேண்டுமானாலும் தொங்கும். புதுச் சுவரில் ஆணி கூடாது என்றால் எல்லாம் நாற்காலியிலும் கட்டிலிலும் குவியும். “வீட்டைப் பாழ் பண்றீங்க” என்ற பேச்சு வரும். அறைக்கு ஒன்றாக நான்கு அங்குல அகல ரீப்பர் கட்டை, ஐந்தடி உயரத்தில், எட்டு அங்குலத்துக்கு ஒரு கொக்கி. பாட்டி அறையில் மட்டும் நாலே கால் அடியில். சுவரில் நான்கே ஓட்டை, ஆணிப் பேச்சு முடிந்தது.

திண்ணை

திண்ணை போனதற்குப் பாட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. போர்டிகோவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கிரில் கேட்டுக்கு உள்ளே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால், பாதையில் போகிறவர் நின்று பேச மாட்டார். கேட்டைத் திறக்கச் சொல்லி உள்ளே வரும் அளவுக்கு அவருக்கு வேலை இருக்காது. திண்ணை என்பது உள்ளும் இல்லாத, வெளியும் இல்லாத இடம். வெற்றிலை போட, புளி கொட்டை எடுக்க, ஆடு மேய்த்து வருகிறவளை நிறுத்தி விசாரிக்க அது வேண்டும். ஒரு மாதத்தில் பாட்டிக்கு ஊர் சமாச்சாரம் வருவது நின்று, பகலில் படுக்க ஆரம்பித்தார். பகலில் தூங்கினால் இரவில் விழிப்பு. விழித்தால் இருட்டில் நடை. இதெல்லாம் ஒன்றோடொன்று கோத்தது.

திண்ணையைத் திருப்பிக் கட்ட இடமில்லை. கேட்டுக்கு வெளியே, பட்டா எல்லைக்குள், வேப்ப மரத்தடியில் ஒரு கல் பலகை போட்டார்கள். ஆறடி நீளம், ஒன்றரை அடி அகலம், மூன்று அங்குலக் கனம். இந்த மாவட்டங்களில் கல்லுக்குப் பஞ்சமில்லை. எடை ஏறக்குறைய 170 கிலோ, ஆகையால் நாலு ஆள் வேண்டும். இரண்டு கல் கால்களை ஓரடி மண்ணுக்குள் புதைத்து, பலகை இரு முனையிலும் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீட்டாதபடி வைத்தார்கள். ரொம்பவும் நீட்டினால் ஓரத்தில் ஒருவர் உட்காரும்போது மறுமுனை எழும்பக்கூடும். உயரம் 14 அங்குலம், பாட்டியின் கால் அளவு. பாலிஷ் போடாத, உளியால் கொத்திய முகம். பாலிஷ் போட்ட கறுப்புக் கிரானைட், போர்டிகோ முகப்பில் முதல் மழையிலேயே பேரனைச் சறுக்கிவிட்டிருந்தது. அந்த முகப்பில் பிறகு மெஷினால் ஆறு மில்லிமீட்டர் அகலத்தில் வரிவரியாகக் கீறல் போட்டார்கள். ஒட்டும் டேப் வெயிலில் உரிந்துவிடும்.

பேத்தியின் கதவு

பாட்டியும் பேத்தியும் முன்பு ஹாலில் அடுத்தடுத்துப் படுப்பார்கள். தனி அறை வந்ததும் பேத்தி கதவைச் சாத்திப் படித்தாள், “என்ன மறைக்கிறா?” என்று அம்மா கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். இதில் அளவு எதுவும் தப்பில்லை, இது நாளாகிப் பழகும் வகை. படிப்பு நேரத்தில் கதவு சாத்தியிருக்கலாம், தாழ் போடக் கூடாது என்று பேசிவைத்தார்கள். பாட்டி தலைமாட்டில் ஒயர்லெஸ் அழைப்பு மணியின் பொத்தான், மணி பேத்தியின் அறையில். முதல் வாரம் பாட்டி சும்மாவே அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார், யாரும் தடுக்கவில்லை. வேலை செய்கிறது என்று நம்பினால்தான் அவசரத்தில் கை அதற்குப் போகும்.

எதிரொலி தானாகக் குறைந்தது. ஜன்னல் திரையும், ஹாலில் விரித்த ஜமுக்காளமும், மெத்தையும் வந்தால் எந்தக் கான்கிரீட் அறையும் அடங்கிவிடும். இரவு ஷிஃப்ட் முடிந்து பகலில் தூங்கும் பேரனுக்கு மட்டும் ஜன்னலில் கனமான திரை வேண்டியிருந்தது.

பணமும் படிக்கட்டும்

மேற்சொன்ன திருத்தங்கள் எல்லாமே சில்லறை வேலை. சில்லறை வேலைக்குத்தான் ஆள் கிடைக்காது. மேஸ்திரி அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார். ஒரு கைப்பிடி மாட்ட, ஒரு கதவைத் திருப்ப என்று கூப்பிட்டால் “நாளைக்கு” என்பார். இந்த வீட்டில் மொத்தக் கூலியையும் பால் காய்ச்சும் அன்றே கணக்குத் தீர்த்திருந்தார்கள். கடைசித் தவணையில் ஐந்து சதவீதத்தை மூன்று மாதத்துக்கு நிறுத்திவைப்பது என்று ஆரம்பத்திலேயே பேசி எழுதிவிட வேண்டும். மேஸ்திரிகளும் முன்கூட்டிச் சொன்னால் ஒப்புக்கொள்வார்கள். கடைசியில் சொன்னால்தான் மனக்கசப்பு.

தீராமல் நிற்பது மாடிப்படி. மரச் சட்டம் அடித்தபோது எல்லாப் படியும் ஏழு அங்குலம், சரியாகத்தான் இருந்தது. பிறகு ஒவ்வொரு படிக்கும் கலவையும் கிரானைட்டுமாக ஒன்றேகால் அங்குலம் ஏறியது. கீழே வாசலில் மூன்று அங்குலம் பேவர் பிளாக் பதித்தார்கள். மேலே தட்டோடும் கலவையும் சேர்ந்து மூன்று அங்குலம் உயர்ந்தது. விளைவு: நடுப்படிகள் ஏழு, முதல் படி ஐந்தேகால், கடைசிப் படி எட்டே முக்கால். ஏறும்போது கால் ஏழு என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்து, கடைசியில் நுனிவிரல் தடுக்குகிறது. இருட்டில் ஷிஃப்டுக்கு இறங்கும் பேரனுக்கு, முதல் காலடியே ஒன்றே முக்கால் அங்குலம் அதிகப் பள்ளம். தேசியக் கட்டட விதிப்படி வீட்டுப் படியின் உயரம் 190 மில்லிமீட்டர், அதாவது ஏழரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது.

இப்படி வராமலிருக்க, சட்டம் அடிக்கும் முன்பே கீழும் மேலும் தரை எவ்வளவு உயரப்போகிறது என்று முடிவு செய்து, முதல் படியை எட்டே முக்காலாகவும் கடைசிப் படியை ஐந்தேகாலாகவும் போட்டிருக்க வேண்டும். மேல்வேலை முடிந்ததும் எல்லாம் ஏழாகியிருக்கும். இப்போது சரிசெய்ய வேண்டுமென்றால் எல்லாப் படியின் கிரானைட்டையும் பிரித்து, ஒவ்வொரு படியையும் ஒரே அளவாக ஒன்றே முக்கால் அங்குலம் ஏற்ற வேண்டும். தக்காளிக்கு விலை கிடைத்தால் பார்க்கலாம் என்கிறார் மகன். அதுவரை 34 அங்குல உயரத்தில் ஒரு கைப்பிடிக் கம்பி, முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் மஞ்சள் விளிம்பு, மேலும் கீழும் போடக்கூடிய டூ-வே ஸ்விட்சில் ஒரு விளக்கு. மாங்காய் வற்றல் காயவைக்கப் பாட்டி மேலே ஏறுவதில்லை. முறத்தைப் பேத்தி கொண்டுபோகிறாள்.